புளி போட்டு மினுக்கிய நண்டு

கேட்டால் இல்லை என்று சொல்பவர்களோடு எனக்கு ஒரு கோபமும் கிடையாது. இல்லை என்றால் அடுத்த வாசலைப் பார்த்துப் போய்விடலாம். கேளாமல் உதவி செய்ய வருகிறவர்களைக் கண்டால்தான் இன்றைக்கும் நான் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிடுவேன். "அந்த அன்ரியை நீங்கள் இன்னும் விடேல்லையே?" என்று என் மனைவி கேட்பாள். இல்லை, விடவில்லை. விடுகிற உத்தேசமும் இல்லை. ஆனாலும் அவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் முதலில் நல்லதுதான் வாயில் வருகிறது. அதுதான் என் கரைச்சல்.

எண்பத்தைந்தாம் ஆண்டு தை மாதம், ரொறொன்ரோவின் அஜின்கோர்ட்டில் அவருடைய வீட்டு மேல்மாடியில் ஒரு சின்ன அறைக்குக் குடிபோனேன். அன்ரியின் ஊர் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி. கத்தோலிக்க வேதக்காரர். கணவர் இறந்து பல வருடம். ஒரே மகன் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்துகொண்டு, அம்மா எப்போது கூப்பிடுவார் என்று பார்த்திருந்தான். அன்ரிக்குப் பகலில் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. ஆள் சின்ன உருவம். கைகள் மட்டும் வேறொருவருடையவைபோலப் பெரியவை. அந்தக் கைகள் சும்மா இருந்து நான் கண்டதில்லை.

முதல் நாள் காலையிலேயே அது தெரிந்துவிட்டது. ரோட்டில் பனிக்குக் கொட்டும் உப்பு என் ஒரே ஒரு சோடிச் சப்பாத்தில் வெள்ளை வெள்ளையாகக் கோடு கீறியிருந்தது. விடிய எழும்பி வந்து பார்த்தால் சப்பாத்து கழுவித் துடைத்து, உள்ளே பேப்பர் அடைத்து, ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்தது. நன்றி சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"நன்றியோ? சொல்லிச் செய்தா அது வேலை தம்பி. சொல்லாமல் செய்தாத்தான் உதவி" என்றார்.

இதுதான் அவருடைய வேதவாக்கு. அறையைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனாலும் திரும்பி வரும்போது தரை கூட்டியிருக்கும், கட்டில் விரித்திருக்கும். எல்லா அறைக்கும் அவரிடம் இன்னொரு திறப்பு இருந்தது. ஒருமுறை எனக்குக் காய்ச்சல் வந்து எழும்ப முடியவில்லை. அவர் தன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு மல்லித்தண்ணியும் கஞ்சியுமாகப் பக்கத்தில் இருந்தார். அது மட்டுமென்றால் பரவாயில்லை. நான் வேலை செய்த கடைக்குப் போன் எடுத்து, "சேர், ஹி டையிங்" என்றும் சொல்லிவிட்டார். அவருடைய ஆங்கிலம் இருபது சொல்லுக்குள் அடங்கும். அந்த இருபதும் சபைக்கு அஞ்சாதவை. மூன்றாம் நாள் நான் கடைக்குப் போனபோது முதலாளி பேயைக் கண்டவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

கடிதக் கதை இன்னும் மோசம். என் மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். மாதத்துக்கு ஒரு நீலக் கடிதம் வரும். ஒருநாள் தபால்பெட்டிக்குள் பனி போய்க் கடிதம் நனைந்துவிட்டது. அன்ரி அதைப் பிரித்து, மேலே துணி போட்டு, அயன் பண்ணிக் காயவைத்திருந்தார். காயவைத்தவர் வாசிக்காமல் விட்டாரா? நான் வாசலில் சப்பாத்துக் கழற்ற முன்னமே, "உம்மட மனிசி மெலிஞ்சு போனாவாம். பிள்ளை சத்தத்துக்குப் பயந்து சாப்பிடுதில்லையாம். ஒரு டொனிக் வாங்கி அனுப்ப வேணும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அடுத்த கிழமையே, ஊருக்குப் போகிற யாரையோ எங்கேயோ தேடிப் பிடித்து, டொனிக் போத்தல் இரண்டையும் மகளுக்கு ஒரு சிவப்புச் சட்டையையும் கொடுத்தனுப்பிவிட்டு வந்து நின்றார். அதற்குப் பிறகு எப்படிக் கோபிப்பது? என் மனைவியின் அடுத்த கடிதத்தில் பாதி அன்ரிக்குத்தான் எழுதியிருந்தது.

ஒன்றை மட்டும் நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி இருந்தார். ஒரு பெரும்பனி நாளில் அன்ரி விடிய எழும்பி எங்கள் வாசலைத் துப்புரவாக்கிய கையோடு கிழவியின் வாசலையும் துப்புரவாக்கினார். தள்ளிய பனி முழுவதையும், சாக்குப் போட்டு மூடியிருந்த கிழவியின் ரோசாச் செடிகளின் மேல் குவித்துவிட்டார். கிழவி கத்திக்கொண்டு வந்தபோது அன்ரி கதவைத் திறந்து, கீழே பேஸ்மென்ட்டில் இருந்த பொடியன் வேலைக்குப் போய்விட்டான், அவன்தான் செய்தவன், வரட்டும் கேட்கிறேன் என்று கையாலும் வாயாலுமாகச் சொல்லி அனுப்பினார். கதவைச் சாத்திவிட்டு வாடகைக்கு இருந்த எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். அந்தப் பொடியனும் இரவு வந்து கேட்டுவிட்டுச் சிரித்தான்.

கடை டவுன்டவுனில் இருந்தது. பழம்பொருள் வாங்கி விற்கிற கடை. ஊரில் கட்டடங்களுக்கு வரைபடம் கீறுவது என் தொழில். ரொறொன்ரோவுக்கு வந்து ஒரு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவிய பிறகு, பென்சில் பிடிக்கிற வேலை ஒன்று கிடைத்ததே கடவுள் புண்ணியம். செத்துப்போன ஒரு பணக்காரர் சேர்த்து வைத்திருந்த ஜப்பானிய வாள் தட்டுகளை முதலாளி மொத்தமாக வாங்கியிருந்தார். வாள் இல்லை, தட்டுகள் மட்டும். அந்த வாளில் கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டு இருக்கும். குத்தும்போது பிடித்த கை வழுக்கி அலகில் போய்விடாமல் தடுப்பது அதன் வேலை. சுபா என்று பெயர். கையைக் காப்பதற்கு ஒரு வெறும் இரும்புத் துண்டு போதும். அந்த மனிதர்கள் அதற்குள் மழையும் நாணலும் பறக்கிற வாத்துகளும் வெட்டி வைத்திருந்தார்கள். சண்டைக்குப் போகிறவனுக்கு வாத்து எதற்கு என்று முதலில் சிரித்தேன். ஒவ்வொன்றாக வரையத் தொடங்கிய பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

விற்பனைக்கு ஒரு புத்தகம் அச்சிட வேண்டும். படம் பிடித்தால் உளி இறங்கிய ஆழம் தெரியாது என்று முதலாளி எல்லாவற்றையும் என்னைக்கொண்டு கீறுவித்தார். பெரும்பாலானவை கறுத்த இரும்பு. தெரியாதவன் பார்த்தால் கறள், துரு என்றுதான் சொல்லுவான். ஆனால் அந்தக் கருமை செய்தவனே வேண்டுமென்று ஏற்றியது. பிறகு இருநூறு வருடம் துணியால் துடைத்துத் துடைத்து வந்த தோல். "அந்தத் தோலை உரித்தால் தட்டு செத்துப்போகும்" என்பார் முதலாளி. பஞ்சுக் கையுறை போடாமல் தொட விடமாட்டார்.

கடுகடுத்த மனிதர், ஆனால் நேர்மையானவர். புத்தகம் முடிந்ததும் எனக்கு ஒரு கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார். எங்கள் அகதி வழக்குகள் வருடக்கணக்கில் இழுபட்ட காலம் அது. நிலையான வேலையும், நல்லவன் என்று எழுதித் தர ஒரு முதலாளியும் இருந்தால் அலுவலைக் கெதியாக முடிக்கலாம் என்று என் வழக்கறிஞர் சொல்லியிருந்தார். அலுவல் முடிந்தால்தான் மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடலாம். அங்கே ஷெல் விழுந்துகொண்டிருந்தது. மகளுக்கு மூன்று வயது. அந்த ஒரு கடிதத்தில் எங்கள் மூன்று பேருடைய உயிரும் தொங்கியது என்று சொன்னால் மிகை இல்லை.

எண்பத்தாறு வசந்தத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கடைசியாக ஒரு தட்டு மிச்சமிருந்தது. திங்கள் காலை எல்லாப் படமும் அச்சகத்துக்குப் போக வேண்டும். முதலாளி கொஞ்சம் யோசித்துவிட்டு அந்தத் தட்டைத் துணியில் சுற்றி என் கையில் வைத்தார். "இந்தக் கடையை விட்டு ஒன்றும் இப்படிப் போனதில்லை" என்றார். அது ஒரு நண்டு. அலைக்குள்ளிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கண்கள் இரண்டும் கடுகளவு தங்கப் பொட்டு. பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் அதை மடியைவிட்டு இறக்காமல் வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

சனி மத்தியானத்துக்குள் படத்தை முடித்துவிட்டேன். நன்றாக வந்திருந்தது. எனக்கே என்மேல் ஒரு பெருமை. தட்டைத் துணியால் மூடி மேசையில் வைத்து, அறையைப் பூட்டிவிட்டுத் தலைமயிர் வெட்டப் போனேன். திரும்பி வந்தபோது வீடெல்லாம் பழப்புளி வாசம். மீன் குழம்பு என்று நினைத்தேன்.

"வாரும் வாரும்" என்றார் அன்ரி. முகமெல்லாம் சிரிப்பு. "உம்மட மேசையிலை ஒரு இரும்புச் சாமான் கறள் பிடிச்சுக் கிடந்தது. இதைப் போய் எப்பிடி முதலாளியிட்டைக் குடுக்கிறது? புளியும் உப்பும் போட்டு ஊறவிட்டு, கம்பித் தும்பாலை நல்லா இழுத்தன். எங்கட கோயில் திருநாளுக்கு மெழுகுதிரித் தண்டெல்லாம் நான்தானே மினுக்கிறது. பாரும் இப்ப."

பார்த்தேன். தேங்காயெண்ணெய் பூசின ஒரு வெள்ளை இரும்பு வட்டம். நேற்றுப் பட்டறையில் அடித்து எடுத்ததுபோல் பளபளத்தது. அலைகள் மழுங்கியிருந்தன. நண்டுக்கு ஒரு கண்தான் இருந்தது.

"மற்றக் கண் எங்கை அன்ரி?"

"அது சும்மா ஒட்டின பொட்டுத் தம்பி. தண்ணியோடை போட்டுது."

குசினித் தரையில் அப்படியே இருந்துவிட்டேன். அது என்ன, எவ்வளவு பழையது, யாருடையது என்று விளங்கப்படுத்தினேன். அவர் முகம் வெளிறிப் போனது. "ஐயோ, நான் உமக்கு நல்லதுக்கெண்டெல்லே செய்தனான்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். கடைசியில் நான்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது. முதலாளி நல்ல மனிதர், சொன்னால் விளங்கிக்கொள்வார் என்றேன். அவர் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

"நானும் சொல்லுறன் தம்பி. என்னிலைதான் பிழை எண்டு நான் என்ர வாயாலை சொல்லுறன்."

அதையும் நான் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

திங்கட்கிழமை முதலாளி தட்டை விளக்கடியில் வைத்து இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "என்னுடையது எங்கே?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. இது இரண்டு நாள் முன்பு எங்கோ வார்த்து எடுத்த போலி, அசலை நான் மாற்றிவிட்டேன் என்று அவர் நினைக்கிறார் என்பது விளங்க ஒரு நிமிடம் ஆனது. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் என் படத்தை எடுத்து மேசையில் விரித்தார். "மயிரிழை பிசகாமல் வரைந்திருக்கிறாய். இதைக் கொடுத்தால் எந்தக் கொல்லனும் ஒன்று செய்து தருவான்" என்றார். நான் பெருமைப்பட்ட படம்.

கெஞ்சினேன். அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். "முட்டாளை நான் மன்னிப்பேன். கள்ளனை மன்னிக்க மாட்டேன். நீ சாகிறாய் என்று போன் எடுத்த அந்தப் பெண்தானே? அவர் குரல் எனக்குத் தெரியும். அவரே சொல்லட்டும். ஐந்து மணி வரை கடையில் இருப்பேன்."

வீட்டுக்கு ஓடி வந்தேன். அன்ரி அப்போதுதான் வேலையால் வந்து குசினியில் நின்றார். நடந்ததைச் சொன்னேன். கழுவின கோப்பைகளை மறுபடியும் துடைத்துக்கொண்டே கேட்டார். சுவரில் மாட்டியிருந்த போனில் நானே இலக்கத்தைச் சுழற்றினேன். முதலாளி எடுத்தார். றிசீவரை அன்ரியின் கையில் கொடுத்தேன். அந்த வீட்டில் இருந்த ஒன்றேகால் வருடத்தில் நான் அவரிடம் கேட்ட ஒரே உதவி அது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நோ சேர். ஐ நோ டச். ஹிஸ் றூம், ஐ நெவர் கோ."

றிசீவரைக் கொழுவிவிட்டு, அதில் தன் கைபட்ட இடத்தைத் தலைப்பால் துடைத்தார்.

நான் கத்தினேன். அவரைப் பொய்க்காரி என்றேன், இன்னும் எழுதக் கூடாத ஒன்றிரண்டும் சொன்னேன். நான் ஓய்ந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"அந்தச் சாமான் ஒரு வீடு விலை எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுகினம். பொலிஸ், கோடு, கேஸ் எண்டு என்ர பேர் போனா மகனைக் கூப்பிடுற ஸ்பொன்சர் நிண்டுபோம். எனக்கு ஒரு மகன்தான் தம்பி. உமக்கு வயசிருக்கு. வேற வேலை கிடைக்கும்."

"வேலையில்லை அன்ரி, கடிதம்! என்ர பிள்ளை அங்கை பங்கருக்குள்ளை படுக்குது."

"தெரியும்" என்றார். "கடிதத்திலை வாசிச்சனான்."

பொலிசுக்கு முதலாளி போகவில்லை. எனக்குச் சேர வேண்டிய சம்பளத்தைத் தபாலில் அனுப்பினார், கடிதம் இல்லை. அடுத்த வேலை தேடிய இடமெல்லாம் முன்பு வேலை செய்த இடத்தின் தொலைபேசி இலக்கம் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. மறுபடியும் கோப்பை கழுவினேன். என் அலுவல் முடிய மேலும் மூன்று வருடம் ஆனது. அந்த மூன்று வருடத்தில் என் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எத்தனை ஊர் ஓடினாள் என்பதை அவளே இன்னும் முழுதாகச் சொன்னதில்லை. எண்பத்தொன்பதில் விமான நிலையத்தில் மகள் தாயின் சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "உந்த மாமா ஆர் அம்மா?" என்று கேட்டாள். ஆறு வயது. நான் விட்டுவிட்டு வந்தபோது என் கழுத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளை.

அன்ரியின் மகன் எண்பத்தேழிலேயே வந்துவிட்டான். நல்ல பொடியன் என்று கேள்வி. அவரும் ஒரு தாய்தானே, உன் பிள்ளைக்கென்றால் நீ செய்ய மாட்டாயா என்று கேட்டவர்கள் உண்டு. செய்ய மாட்டேன் என்று அடித்துச் சொல்லத்தான் எனக்கு ஆசை. சொல்ல முடியவில்லை. அதற்காக நெஞ்சில் கிடப்பது கரைந்துவிடுமா? பயந்தவரை எனக்கு மன்னிக்கத் தெரியும். கடிதத்தை வாசித்துவிட்டும் செய்தவரை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்தப் போன் நடந்த கிழமையின் சனிக்கிழமை. நான் அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். நண்பன் ஒருவனின் அறையில் தரையில் படுக்க இடம் கிடைத்திருந்தது. கதவு தட்டாமல் அன்ரி உள்ளே வந்தார். கோயிலால் வந்த கோலம். தலையில் இன்னும் முக்காடு இருந்தது. ஐந்து நாளாக இருண்டு கிடந்த முகம் கழுவிவிட்டதுபோல் தெளிந்திருந்தது.

"எல்லாம் முடிஞ்சுது தம்பி. நான் பாவசங்கீர்த்தனம் செய்து போட்டன்" என்றார். "ஒண்டும் ஒளிக்கேல்லை. நான்தான் புளி போட்டனான், நான்தான் போனிலை பொய் சொன்னனான் எண்டு எல்லாம் ஃபாதரிட்டைச் சொல்லிப்போட்டன்."

நான் பெட்டியை விட்டு எழும்பினேன். "ஃபாதர் என்ன சொன்னவர்? கடைக்காரரிட்டைச் சொல்லச் சொன்னவரோ?"

"அவருக்கு எங்கை விளங்கினது? அவர் ஐரிஷ்காரர். நான் தமிழிலைதான் சொன்னனான். அவருக்கு விளங்காட்டில் என்ன, கேக்க வேண்டியவருக்குக் கேட்டிருக்கும். சிலுவை அடையாளம் போட்டு ஆசீர்வாதம் தந்தவர்."

விளங்கக்கூடிய மனிதருக்கு ஆங்கிலத்தில் பொய்யும், விளங்காத மனிதருக்குத் தமிழில் உண்மையும் சொல்லிவிட்டு அவர் என் முன்னால் நின்றார். நான் அவரைப் பார்த்தேன். ஏமாற்றுகிறவரின் முகம் இல்லை அது. உண்மையாகவே பாரம் இறங்கிவிட்ட முகம். எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

அவர் கட்டிலில் வந்து இருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"நீர் அண்டைக்குக் குசினியிலை என்னைப் பேசின பேச்சு இருக்கெல்லே, வயசுக்கு மூத்தவளை அப்பிடிப் பேசிறதும் பாவம்தான். அதையும் சொல்லி உமக்காக மன்னிப்புக் கேட்டனான். உம்மட பேரிலை ஒரு செபமாலை முழுக்கச் சொன்னன். நீர் கேக்கேல்லைத்தான். எண்டாலும் செய்தன்."

சொல்லிக்கொண்டே என் பெட்டிப் பக்கம் குனிந்து, கசங்கிக் கிடந்த ஒரு சேர்ட்டை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"அன்ரி, தயவுசெய்து அதை விடுங்கோ" என்றேன்.

"இதிலை என்ன தம்பி" என்று சொல்லிக்கொண்டு அடுத்த சேர்ட்டை எடுத்தார்.